பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சஸ்பென்ஷன் கீச்சொலி: காரணம், கண்டறிதல், தீர்வு

வயதேறிய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பேணுவோரை ஓயாமல் வாட்டும் கேள்விகளுள் ஒன்று, மேடுபள்ளங்களில் ஏறி இறங்கும்போது சக்கரங்களின் பக்கமிருந்து எழும் கீச்சொலி எதனால் உண்டாகிறது, அதை மீண்டும் எழாதபடி நீக்குவது எவ்வாறு என்பதாகும். இதற்குச் சொல்லப்படும் விடைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன: எண்ணெய் தெளித்தால் போதும் என்பார் ஒருசாரார், மூட்டுகளில் செருகப்பட்டிருக்கும் ரப்பர் புஷ்கள் அனைத்தையும் கழற்றிவிட்டுப் பாலியூரித்தேன் புஷ்களைப் பொருத்த வேண்டும் என்பார் மற்றொரு சாரார், பழைய காரென்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிடுவோரும் உண்டு. சஸ்பென்ஷனில் உள்ள மூட்டுகள் எல்லாம் ஒரே வகையில் இயங்குபவை என்ற எண்ணமே இந்த முரண்பாட்டின் வேர். தன்னுள் இருக்கும் ரப்பரின் முறுக்கத்தால் இயங்கும் மூட்டையும், ஒரு பரப்பு மற்றொன்றின்மேல் வழுக்குவதால் இயங்கும் மூட்டையும் பிரித்தறிந்த பிறகே கீச்சொலியைக் கண்டறிவதும் தீர்ப்பதும் கைகூடும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

இதற்கு முதன்மை எடுத்துக்காட்டாக மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறை எடுத்துக்கொள்ளப்படுகிறது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமாகி, அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்கப்பட்டு, 1997 வரை நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உருவான இக்காரின் நான்கு சக்கரங்களும் இரட்டை விஷ்போன் அமைப்பில் தாங்கப்பட்டுள்ளன. அதாவது, ஒவ்வொரு சக்கரத்தையும் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கைகள் பிடித்திருக்க, அக்கைகளின் உள்முனைகள் உடலின் அடியில் உள்ள சப்ஃபிரேம் என்னும் இரும்புச் சட்டத்தோடு புஷ்கள் வழியாக இணைகின்றன. ஒரு சக்கரத்துக்கே இத்தனை மூட்டுகள் இருப்பதாலும், அவற்றின் ரப்பர் அனைத்தும் ஒரே காலத்தில் முதுமையடைவதாலும், கீச்சொலி என்னும் சிக்கலை முழுமையாக ஆராய இக்கார் மிகப் பொருத்தமானது.

ஒலி பிறக்கும் விதம்

கீச்சொலி எதுவாயினும் அதன் அடிப்படை, ஒட்டி வழுக்கும் இயக்கம் எனப்படும் உராய்வு நிகழ்வாகும். ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும் இரு பரப்புகளை நகர்த்தத் தொடங்குவதற்குத் தேவைப்படும் விசை, நகரத் தொடங்கிய பின் அந்நகர்வைத் தொடர்வதற்குத் தேவைப்படும் விசையைவிடப் பொதுவாக அதிகம். ஆகவே, மூட்டின்மேல் விசை ஏறும்போது பரப்புகள் முதலில் ஒட்டி நிற்கின்றன. சுற்றியுள்ள பாகங்கள் சற்றே வளைந்து ஆற்றலைச் சேமிக்கின்றன. ஓர் எல்லையைத் தாண்டியதும் பரப்புகள் சட்டென வழுக்கி, சேர்ந்த ஆற்றல் குறைந்ததும் மறுபடியும் ஒட்டிக்கொள்கின்றன. இச்சுழற்சி ஒரு நொடியில் பல நூறு அல்லது பல ஆயிரம் முறை நிகழும்போது அது காதுக்குக் கீச்சொலியாகவும், மெதுவாக நிகழும்போது முனகலாகவும் கேட்கிறது. கேம்பிரிட்ஜில் போடன், லெபன் ஆகிய இருவரும் 1939இல் வெளியிட்ட ஆய்வு, உலோகங்களுக்கிடையிலான வழுக்கல் சீராக நிகழாமல் இவ்வாறு விட்டுவிட்டு நிகழக்கூடும் என்பதைக் கருவிகள் கொண்டு அளந்து காட்டியது. வயலின் கம்பியின்மேல் வில் இழைவதும் இதே இயக்கமே.

ரப்பரைப் பொறுத்தவரை இந்நிகழ்வு மேலும் நுட்பமானது. மென்மையான ரப்பர் கடினமான பரப்பின்மேல் நகரும்போது அது முழுப் பரப்பாக வழுக்காமல், மடிப்புபோன்ற அலைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுவதன் மூலம் நகர்வதுண்டு என்பதை ஆய்வாளர் ஷல்லமாக் 1971இல் விளக்கினார். இரும்புக் கம்பியின்மேல் உலர்ந்த ரப்பர் உரசுவது இவ்வளவு எளிதில் ஒலியெழுப்புவதற்கு இத்தகைய இயல்புகளே காரணம். மனிதச் செவி ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களுக்கே மிகக் கூர்மையாக இயங்குவதால், மிகச் சிறிய ஆற்றல் கொண்ட கீச்சொலிகூடப் பெரிய பழுதைப்போல் ஓட்டுநரைக் கலங்கச் செய்கிறது. ஒலியின் அளவுக்கும் பழுதின் தீவிரத்துக்கும் நேர்த்தொடர்பு கிடையாது என்பது இதனால் பெறப்படும் முதல் பாடமாகும்.

இருவகை மூட்டுகள்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிக் கார்களில் சஸ்பென்ஷன் மூட்டுகள் பெரும்பாலும் உலோகத்தின்மேல் உலோகம் வழுக்குபவையாகவே இருந்தன. ஆஸ்கர் ஸெர்க் 1929இல் காப்புரிமை பெற்ற கிரீஸ் நிப்பிள், அதாவது கிரீஸ் துப்பாக்கியைப் பொருத்தி மூட்டுக்குள் மசகைச் செலுத்த உதவும் சிறு முலைவடிவ வாய், அக்கார்களின் பராமரிப்பில் மையமான இடத்தைப் பெற்றது. 1962 முதல் 1980 வரை தயாரான பிரிட்டிஷ் எம்ஜிபி காரின் முன்சக்கரங்களில்கூட, சக்கரம் திரும்புவதற்கு அச்சாகும் கிங்பின்னுக்கு இத்தகைய நிப்பிள்கள் உண்டு. அவற்றுக்கு உரிய காலத்தில் கிரீஸ் ஏற்றாவிட்டால் ஒலியும் தேய்மானமும் ஒருங்கே வந்துசேரும்.

பிணைப்பு ரப்பர் புஷ்ஷின் தத்துவம் இதற்கு முற்றிலும் வேறானது. உள்ளே ஓர் இரும்புக் குழல், வெளியே ஓர் இரும்பு வளையம், இரண்டுக்கும் இடையில் அவற்றோடு வேதிமுறையில் பிணைக்கப்பட்ட ரப்பர் என்பதே அதன் அமைப்பு. உட்குழல் போல்ட்டால் சப்ஃபிரேமோடு இறுக்கப்பட்டு அசையாமல் நிற்கும். வெளிவளையம் கைக்குள் அழுத்திச் செருகப்பட்டு அக்கையோடு திரும்பும். இடையிலுள்ள ரப்பர் முறுக்கமடைந்து அவ்வியக்கத்துக்கு இடங்கொடுக்கும். இங்கே எந்தப் பரப்பும் எதன்மேலும் வழுக்குவதில்லை என்பதால் மசகு தேவையில்லை. நலமான நிலையில் இதற்கு ஒலியெழுப்பும் வழியும் இல்லை. எம்எக்ஸ்-5 காரின் கைகளில் உள்ள புஷ்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றிலிருந்து கீச்சொலி எழுமானால், ரப்பர் உலோகத்திலிருந்து பிரிந்துவிட்டது, அல்லது போல்ட் தளர்ந்து உட்குழல் தாங்கியின்மேல் சுழல்கிறது, அல்லது ரப்பர் தொய்ந்து கையின் பக்கவாட்டு விளிம்பு தாங்கியோடு உரசுகிறது என்று பொருள். மூன்றுமே பழுதுகள், மசகால் தீராதவை.

வழுக்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட மூட்டுகளும் அதே காரில் உள்ளன. வளைவில் கார் சாய்வதைக் கட்டுப்படுத்தும் ஸ்டெபிலைசர் பார் என்னும் வில்கம்பியை உடலோடு பிடித்திருக்கும் ரப்பர், அதன் வடிவத்தால் டி-புஷ் எனப்படுகிறது; சக்கரங்கள் மேலும் கீழும் அசையும்போது கம்பி இந்த ரப்பருக்குள்ளேயே திரும்புகிறது. இந்த இடத்தில் மசகு வற்றி மணல் புகுந்தால் கீச்சொலி எழுவது இயல்பு. பால் ஜாயின்ட் எனப்படும் பந்து மூட்டும் வழுக்கும் வகையே: கிரீஸ் நிறைந்த கிண்ணத்துக்குள் எஃகுப் பந்து திரும்ப, அதன்மேல் மூடியிருக்கும் ரப்பர் உறை கிரீஸை உள்ளேயும் நீரையும் தூசியையும் வெளியேயும் நிறுத்துகிறது. உறை கிழிந்ததும் கிரீஸ் கழுவப்பட்டு, பந்து உலர்ந்து, துருப்பிடித்து ஒலியெழுப்பத் தொடங்கும். இவ்வொலியைப் புறக்கணித்தால் பந்து கிண்ணத்திலிருந்து கழன்று சக்கரம் சாய்ந்துவிடக்கூடும் என்பதால், சஸ்பென்ஷன் ஒலிகளுள் உயிர்ப்பாதுகாப்போடு மிக நேரடியாகத் தொடர்புடையது இதுவே.

எம்எக்ஸ்-5 காரில் பந்து மூட்டுகள் முன்சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு. பின்சக்கரத் தாங்கிகள் கைகளோடு புஷ்கள் வழியாகவே இணைகின்றன. எனவே பின்புறத்துக் கீச்சொலிக்குப் பந்து மூட்டைக் காரணம் காட்ட இயலாது. காரின் அமைப்பை முன்கூட்டியே அறிந்திருப்பது தேடலின் பரப்பைப் பெரிதும் சுருக்கிவிடும் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

ரப்பரின் முதுமை

ரப்பர் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் முதுமையடையும் பொருள். காற்றிலுள்ள ஓசோன் அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகளின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கி, இழுவிசைக்குக் குறுக்கான திசையில் வெடிப்புகளை உண்டாக்குகிறது. வெப்பம் அதைக் கடினமாக்குகிறது. எஞ்சினிலிருந்து கசியும் எண்ணெய் அதை ஊதச்செய்து மென்மையாக்குகிறது. ஆண்டில் பெரும்பகுதி கொட்டகையில் நிறுத்தப்பட்டு எப்போதேனும் ஓட்டப்படும் காரில், தேய்மானம் குறைவாக இருப்பினும் ரப்பரின் முதுமை குறைவதில்லை. குளிர்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவும் நாடுகளில், அந்த உப்புநீர் புஷ்ஷின் உட்குழலையும் போல்ட்டையும் துருவால் ஒன்றாக்கிவிடுகிறது. குளிரில் ரப்பர் விறைப்பதால் கோடையில் கேளாத ஒலி குளிர்நாளில் கேட்பதும் உண்டு.

கண்டறியும் முறை

கண்டறிதலின் முதற்படி, ஒலியின் தன்மையையும் அது எழும் சூழலையும் வகைப்படுத்துவதாகும். மேடுபள்ளத்தில் மட்டும் எழும் கீச்சொலி புஷ்களையும் ஸ்டெபிலைசர் பாரையும் சுட்டும். நின்றநிலையில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது எழும் முனகல் முன்புறப் பந்து மூட்டுகளையோ ஸ்டியரிங் இணைப்புகளையோ சுட்டும். ‘டக்’ என்ற தனியொலி தளர்ந்த போல்ட்டையோ தேய்ந்த இணைப்பையோ ஷாக் அப்சார்பரின் மேல்முனைத் தாங்கியையோ சுட்டும். சக்கரத்தின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒலி சஸ்பென்ஷனைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, அது பிரேக்கிலோ பேரிங்கிலோ தேடப்பட வேண்டியது. மழையில் நனைந்ததும் மறைந்து, உலர்ந்ததும் திரும்பும் ஒலி, வெளிக்காற்று படும் ஓர் உலர்ந்த பரப்பில் பிறக்கிறது என்று ஓரளவு உறுதியாகக் கொள்ளலாம்.

அடுத்த படி, எஞ்சினை நிறுத்தி அமைதியான இடத்தில் காரின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகக் கையால் அழுத்தி விடுவதாகும். ஒருவர் அழுத்த, மற்றொருவர் சக்கரத்தின் அருகே காதுவைத்துக் கேட்டால், எந்த மூலை என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும். எனினும் சப்ஃபிரேமும் உடலும் ஒலியைத் தொலைவுக்குக் கடத்துவதால், காது சொல்லும் இடத்தை மட்டும் நம்பி பாகங்களை மாற்றத் தொடங்குவது தவறு. மெக்கானிக்குகள் பயன்படுத்தும் உலோகமுனை ஸ்டெதஸ்கோப்பை மூட்டுகளில் வைத்துக் கேட்பதும், அசையும் மூட்டின்மேல் விரல்நுனியை வைத்து அதிர்வை உணர்வதும் ஊகத்தை உறுதிப்படுத்தும் எளிய வழிகள். இவ்வாறு கைவைக்கும்போது விரல் நசுங்கக்கூடிய இடங்களைத் தவிர்க்க வேண்டும். காரின் அடியில் செல்ல நேர்ந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் அதை நிறுத்த வேண்டும்.

மூன்றாவது படியே முடிவைத் தருவது: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மூட்டின் நிலையை மட்டும் மாற்றிப் பார்த்தல். இதற்கு மிகச் சிறந்த பொருள் தெளிப்பானில் எடுத்த வெறும் தண்ணீர். ஒரு புஷ்ஷை நனைத்து அழுத்திப் பார்த்து, ஒலி நின்றால் இடம் தெரிந்தது. நிற்காவிட்டால் அடுத்த மூட்டுக்குச் செல்லலாம். தண்ணீர் ரப்பரைக் கெடுப்பதில்லை. விரைவில் உலர்ந்துவிடுவதால் சோதனையைத் திரும்பச் செய்து உறுதிப்படுத்தவும் இடமளிக்கிறது. மாறாக, எல்லா மூட்டுகளிலும் ஒரே சமயத்தில் எண்ணெய் தெளித்துவிட்டால் ஒலி சில நாள் அடங்கும். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்ற சான்று அழிந்துபோகும். ஸ்டெபிலைசர் பாரின் இணைப்புகளை இருபுறமும் கழற்றிவிட்டு அழுத்திப் பார்ப்பதும் இதே தர்க்கத்தைச் சேர்ந்தது: அப்போது ஒலி மறைந்தால், கைகளின் புஷ்கள் குற்றமற்றவை என்பது பெறப்படும்.

இவை எவற்றாலும் தெளிவு பிறக்காதபோது, ஷாக் அப்சார்பரையும் அதைச் சூழ்ந்துள்ள சுருள்வில்லையும் ஒரே தொகுதியாகக் கழற்றி எடுத்துவிட்டு, கைகளை மேலும் கீழும் கையால் அசைத்துப் பார்க்கலாம். சுருள்வில்லின் அழுத்தம் நீங்கிய நிலையில், பழுதான புஷ்ஷின் தடையும் உரசலும் நேரடியாக உணரப்படும். அத்தொகுதியை மேலும் பிரிக்க வேண்டியிருந்தால், வில்லை அதற்குரிய கருவியால் அமுக்கிய பிறகே நடு நட்டைக் கழற்ற வேண்டும். அமுக்காமல் கழற்றினால் வில்லில் அடங்கியுள்ள ஆற்றல் ஆளையே கொல்லக்கூடும்.

திறந்த கூரைக் கார்களில் மற்றொரு எச்சரிக்கையும் தேவை. கூரை இல்லாத உடல் மேடுபள்ளத்தில் சற்றே முறுக்கமடைவதால், துணிக்கூரையின் சட்டம், கதவின் ரப்பர்ப்பட்டை, இருக்கையின் தண்டவாளம் ஆகியனவும் அதே கணத்தில் கீச்சிடும். உள்ளே அமர்ந்திருப்பவருக்கு இவை சஸ்பென்ஷன் ஒலியாகவே தோன்றும். கூரையைத் திறந்தும் மூடியும், கதவுகளின் ரப்பரில் சிலிகோன் தடவியும் பார்த்த பிறகே அடிப்பகுதியைக் குறைகூறுவது முறை.

தீர்வுகளின் ஒப்பீடு

மசகிடுதல், புதிய ரப்பர் புஷ் பொருத்துதல், பாலியூரித்தேனுக்கு மாறுதல் என்று தீர்வுகள் மூவகைப்படும். எந்த வகை எந்த மூட்டுக்குப் பொருந்தும் என்பதை மேற்கண்ட பகுப்பே தீர்மானிக்கிறது.

மசகு, வழுக்கும் மூட்டுக்கு மட்டுமே உரியது. டி-புஷ்ஷைக் கழற்றி, கம்பியையும் ரப்பரின் உட்புறத்தையும் துடைத்து, சிலிகோன் கிரீஸ் தடவிப் பொருத்தினால் அது நெடுநாள் நீடிக்கும். ரப்பர் தேய்ந்து தளர்ந்திருந்தால் மாற்றுவதே நலம். பெட்ரோலிய எண்ணெய்கள் இயற்கை ரப்பரை ஊதச்செய்து கெடுப்பதால், ரப்பர் உள்ள இடங்களில் சிலிகோன் கிரீஸோ, தாவர எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட சிவப்பு ரப்பர் கிரீஸோ மட்டுமே பயன்பட வேண்டும். தெளிக்கும் மசகுகள் பிரேக் டிஸ்க்கில் படாமல் காப்பதும் இன்றியமையாதது. பந்து மூட்டின் உறைக்குள் ஊசியால் கிரீஸ் செலுத்தி ஒலியை அடக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. துருவேறிய பந்தை அது சீராக்குவதில்லை என்பதால், மாற்றுவதற்கு முன்னான தற்காலிக உதவியாகக்கூட அதை முழுமையாக நம்ப இயலாது. உறை மட்டும் கிழிந்து, மூட்டில் ஆட்டமும் துருவும் இல்லாத தொடக்கநிலையில் பழைய கிரீஸை நீக்கி, புதிய கிரீஸோடு புதிய உறை பொருத்துவது ஏற்கத்தக்கது.

பிணைப்பு ரப்பர் புஷ் பழுதடைந்தால், அதே வகையான புதிய புஷ்ஷே அதன் இயல்பான தீர்வு. இப்பணியின் கடினம் புஷ்ஷை மாற்றுவதைவிடப் போல்ட்டைக் கழற்றுவதிலேயே உள்ளது. எம்எக்ஸ்-5 காரின் கீழ்க்கைகளின் உள்முனைப் போல்ட்கள் மையம் விலகிய தட்டுகளோடு அமைந்து, அவற்றைத் திருப்புவதன் மூலம் சக்கரத்தின் கோணங்களைச் சரிசெய்ய உதவுபவை. இவையும், பின்சக்கரத் தாங்கியின் அடியில் குறுக்கே ஓடும் நீண்ட போல்ட்டும் உட்குழலோடு துருவால் ஒட்டிக்கொள்வது இக்காரில் நன்கறியப்பட்ட இடர். துரு இளக்கும் எண்ணெயும் வெப்பமும் பயன்படாத இடத்தில் போல்ட்டை அறுத்தெடுப்பதே வழி என்பதால், மாற்றுப் போல்ட்களைக் கையில் வைத்துக்கொண்டே பணியைத் தொடங்க வேண்டும்.

ஓட்டோ பேயரும் உடன் ஆய்வாளர்களும் 1937இல் உருவாக்கிய பாலியூரித்தேன், சாலைக் கார்களின் ரப்பரைவிடக் கடினமானது. சந்தையில் கிடைக்கும் புஷ்கள் பொதுவாக ஷோர் ஏ அளவுகோலில் 80 முதல் 95 வரையிலான கடினம் கொண்டவை. இதனால் கைகள் விசைக்கு வளைந்து விலகுவது குறைந்து, ஸ்டியரிங் கூர்மை பெறுகிறது. எண்ணெயையும் ஓசோனையும் இப்பொருள் நன்கு தாங்குகிறது. ஆயின், பெரும்பாலான பாலியூரித்தேன் புஷ்களில் உட்குழல் பிணைக்கப்படாமல் உள்ளே சுழல்கிறது. முறுக்கத்தால் இயங்கிய மூட்டு இம்மாற்றத்தால் வழுக்கும் மூட்டாகிவிடுகிறது. மசகே தேவைப்படாத இடத்தில் மசகு இன்றியமையாததாகிறது. பழைய கீச்சொலியை நீக்கும் நோக்கத்தோடு பாலியூரித்தேன் பொருத்தியவர்கள் சில மாதங்களில் புதிய கீச்சொலியைக் கேட்பதன் காரணம் இதுவே. போர்ஷே 911 காரில், 1989 வரை பின்சக்கரங்களைத் தாங்கிய முறுக்குக் கம்பி அமைப்பின் ரப்பர் புஷ்களைப் பாலியூரித்தேனாக மாற்றியோரும் இதே இடரைச் சந்தித்துள்ளனர். உட்புறத்தில் கிரீஸைத் தேக்கும் வரிப்பள்ளங்கள் கொண்ட புஷ்களைத் தேர்வதும், நீரில் கரையாத கெட்டியான கிரீஸைப் பக்கவாட்டு விளிம்புகளிலும் தடவுவதும், கைகளில் துளையிட்டுக் கிரீஸ் நிப்பிள் பொருத்துவதும் இவ்வொலியைத் தள்ளிப்போடும். குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி மசகிடும் கடமையை அவை எதுவும் நீக்குவதில்லை.

எம்ஜிபி காரின் வரலாறு இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. அதன் முன்புறக் கீழ்க்கைகளின் உள்மூட்டுகளில் முதலில் இருந்தவை உலோகத்தோடு பிணைக்கப்படாத ரப்பர்த் துண்டுகள். 1973 முதல் 1976 வரை தயாரான எம்ஜிபி ஜிடி வி8 வகையிலோ பிணைப்பு புஷ்கள் பயன்பட்டன. சாதாரண எம்ஜிபி கார்களின் உரிமையாளர்கள் இன்றளவும் இந்த வி8 புஷ்களைத் தேடிப் பொருத்துகின்றனர். பாலியூரித்தேனுக்கு மாறாமலே, வழுக்கலை முறுக்கமாக மாற்றுவதன் மூலம் மூட்டின் ஆயுளையும் அமைதியையும் உயர்த்தலாம் என்பதற்கு இது ஒரு சான்று.

பொருத்தும் முறையின் முக்கியத்துவம்

சரியான புஷ்ஷைத் தேர்ந்தும் பொருத்தும் முறையில் பிழை செய்தால் பழுது விரைவில் திரும்பும். பிணைப்பு ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை, கார் தூக்கப்பட்டுச் சக்கரங்கள் தொங்கும் நிலையில் இறுக்கினால், உட்குழல் அந்தக் கோணத்திலேயே பூட்டப்படுகிறது. கார் தரையில் இறங்கியதும் ரப்பர் ஏற்கெனவே முறுக்கப்பட்ட நிலையிலேயே நிற்கிறது. ஒவ்வொரு மேட்டிலும் அதன் தாங்கும் எல்லையைத் தாண்டி முறுக்கப்பட்டு, விரைவில் கிழிகிறது. ஆகவே, போல்ட்களை முதலில் தளர்வாகச் செருகி, காரின் முழு எடையும் சக்கரங்களின்மேல் நிற்கும் நிலையில், தயாரிப்பாளரின் கையேடு குறிப்பிடும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். காரின் உயரத்தைக் குறைக்கும் குட்டை வில்களைப் பின்னர் பொருத்துவோரும் இப்போல்ட்களைத் தளர்த்திப் புதிய உயரத்தில் மீண்டும் இறுக்க வேண்டும். கீழ்க்கைகளின் போல்ட்கள் சக்கரக் கோணங்களையும் தீர்மானிப்பதால், பணி முடிந்ததும் அலைன்மென்ட் பார்ப்பது கட்டாயம்.

முடிவு

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், செயல்வரிசை ஒன்று தெளிவாகிறது. முதலில் சஸ்பென்ஷனுக்கு வெளியே உள்ள ஒலிகளை விலக்கி, பின் பாதுகாப்போடு தொடர்புடைய பந்து மூட்டுகளைச் சோதித்து, அதன் பின் ஸ்டெபிலைசர் பாரையும், இறுதியாகக் கைகளின் புஷ்களையும் ஒவ்வொன்றாகத் தண்ணீரால் சோதிக்க வேண்டும். வழுக்கும் மூட்டுக்கு மசகும், முறுக்கத்தால் இயங்கும் மூட்டுக்குப் புதிய ரப்பரும் தருவதே சாலைப் பயன்பாட்டுக்கு உரிய தீர்வு. பாலியூரித்தேன், ஓட்டக்கூர்மையை முதன்மையாக நாடி, அடிக்கடி கிரீஸ் ஏற்றும் உழைப்பையும் மேற்கொள்ள அணியமாக இருப்போருக்கே ஏற்றது.

மஸ்டா நிறுவனம் 2017இல் ஜப்பானில் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 கார்களுக்கான புதுப்பிப்புத் திட்டத்தை அறிவித்து, கிடைக்காமல்போன பாகங்கள் சிலவற்றை மீண்டும் தயாரிக்க முன்வந்தது, இத்தகைய கார்களை மூல இயல்போடு காப்பது இயலக்கூடியதே என்பதைக் காட்டுகிறது. அம்முயற்சியின் பயன் உரிமையாளர்களும் மெக்கானிக்குகளும் பழுதை அணுகும் முறையைப் பொறுத்தது. ஒலி அடங்கியதை மட்டும் வைத்துப் பழுது தீர்ந்தது என்று முடிவுசெய்யலாகாது. கை தடையின்றி மேலும் கீழும் முழுத் தொலைவுக்கு அசைகிறதா, மூட்டில் ஆட்டம் இல்லையா, போல்ட்கள் உரிய நிலையில் இறுகியுள்ளனவா என்ற மூன்றும் சரிபார்க்கப்பட்ட பிறகு கிடைக்கும் அமைதியே நிலைக்கும்.